பன்னீர் திராட்சைக் கலர்

பைகள் மறுபடியும் திரும்பி வந்துவிட்டன. போன வாரம் ஐம்பது, இந்த வாரம் ஐம்பது. சம்சுதீன் பட்டறைக்கு வருவதற்கு முன்பே வாசலில் மூட்டை கிடந்தது. மூட்டையின் மேல் உட்கார்ந்து சூரியபிரகாஷ் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும் எழுந்து, வணக்கம்கூடச் சொல்லாமல், ஒரு பையை உருவி உதறி அவர் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினான்.

“பாய், இது திராட்சையா?”

“பெறகு என்ன, கத்திரிக்காயா?”

“கத்திரிக்காயா இருந்தாக்கூட ஒப்புக்குவேன் பாய். பேனா மை கொட்டுன மாதிரியில்ல இருக்கு? இந்தப் பையில பழத்தப் போட்டுக் குடுத்தா, இது என்ன பழம்னு கேரளாக்காரன் எங்கிட்டயே கேப்பான்.”

சூரியபிரகாஷுக்குச் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம். பழத்தை வியாபாரிக்குக் கொடுத்து அலுத்துப்போய், குமுளி ரோட்டோரம் தானே கடை போட்டிருந்தான். பிளாஸ்டிக் பை கூடாது என்பதால், துணியைத் தானே வாங்கிக் கொடுத்து நானூறு துணிப்பை கேட்டான். பையில் ஒரு கொத்து பன்னீர் திராட்சை, ஒரு இலை, கீழே தோட்டத்தின் பெயர். இலையும் எழுத்தும் கறுப்பு, பழத்துக்கு மட்டும் கலர். இருபத்தாறு வருடமாக உத்தமபாளையத்தில் துணியில் ஸ்கிரீன் பிரிண்ட் அடிக்கும் சம்சுதீனுக்கு இதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை.

“சாயந்தரம் நாலு மணிக்கு வாரேன். இன்னைக்கும் சரியா வரலன்னா மிச்சத் துணியக் குடுத்துருங்க பாய். மதுரையில குடுத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டான்.

மதுரையாம்! சம்சுதீனுக்கு உச்சந்தலைக்கு ஏறியது. மதுரைக்காரர்களே ஒரு காலத்தில் அவரிடம் கலர் கேட்டு வந்தார்கள் என்பது அந்தப் பொடியனுக்கு எங்கே தெரியப் போகிறது. மூட்டையை உள்ளே இழுத்துப் போட்டார். போட்டுவிட்டு அதை ஓர் உதையும் உதைத்தார். அது துணிமூட்டைதான், ஆனாலும் பெருவிரல் வலித்தது.

கோபம் பைக்காக மட்டும் இருந்தால் அவர் ஒரு டீயோடு ஆறியிருப்பார். போன வாரம் முதல் ஐம்பது திரும்பியபோது அவர் மகன் ஹக்கீம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தான். ஆர்டர் பிடிப்பதும் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் ஹக்கீமின் வேலை. ஊர் ஊராக அலைந்து பேச்சு வாங்குகிறவன் அவன்தான். “அத்தா, இன்னொரு தடவ கலர் தப்பாச்சுன்னா இனிமே சானியா கலக்கட்டும். நீங்க வீட்டுல உக்காருங்க” என்றான். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சத்தம் போட்டிருக்கலாம். அவன் மெதுவாகச் சொன்னான். அதுதான் சம்சுதீனுக்குப் பொறுக்கவில்லை. கலர் வாளி கையைவிட்டுப் போனால், அந்தப் பட்டறையில் அவருக்கு என்ன வேலை? துணி மடிப்பதா?

சானியா ஹக்கீமின் மனைவி. கம்பத்துப் பெண், கல்லூரியில் வேதியியல் படித்தவள். கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதமே பட்டறைக்குள் வந்துவிட்டாள். வந்தவள் சும்மா வராமல், நகைக்கடையில் இருப்பதுபோல ஒரு சின்னத் தராசையும் ஆன்லைனில் வாங்கிக்கொண்டு வந்தாள். கலரைக் கரைக்கிற வெள்ளைப் பேஸ்ட் இத்தனை கிராம், சிவப்பு இத்தனை கிராம் என்று எடை போட்டு நோட்டில் எழுதி வைப்பாள். சம்சுதீன் அந்தத் தராசை முதல்முறை பார்த்தபோது, “ஏம்மா, கிராம் பாத்தா பிரியாணி ஆக்குறாக?” என்று கேட்டார். “இப்பல்லாம் அப்படித்தான் மாமா ஆக்குறாக” என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருக்குத் தராசு கண்தான். பேஸ்டைக் கலக்கி, கரண்டி நுனியில் கலரைத் தொட்டு விட்டு, துண்டுத் துணியில் ஓர் இழுப்பு இழுப்பார். ஈரத்தில் ஒரு கலரும் காய்ந்தால் ஒரு கலரும் காட்டும் என்பதால் அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை ஓட்டுவார். பிறகு துணியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வலது கண்ணால் மட்டும் பார்ப்பார். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் கலர் ஆட்டம் காட்டும், ஒற்றைக் கண்ணுக்குத்தான் அது அடங்கி நின்று பதில் சொல்லும் என்பது அவர் கட்சி. அவர் அப்படி ஒரு கண்ணை மூடி நிற்பதைப் பார்த்தே வியாபாரிகள், பாய் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும் என்று போய்விடுவார்கள்.

அப்படிப்பட்டவருக்கு நாலைந்து மாதமாக ஒரு தீராத தலைவலி. மாதிரிக்கு ஓர் இழுப்பு இழுக்கலாமே தவிர, கலக்கிய கலரை உடனே மொத்தமாக அடிக்க முடியாது. நுரை அடங்க ஒரு ராத்திரி மூடி வைக்க வேண்டும். சாயந்தரம் அவர் கலக்கி வைத்துவிட்டுப் போவார். மறுநாள் காலையில் டீக்கடை, மார்க்கெட் என்று சுற்றிவிட்டு அவர் பட்டறைக்கு வர மணி பத்தாகும். அதற்குள் சானியாவும் ஸ்கிரீன் இழுக்கிற பெண்களும் வேலையைத் தொடங்கியிருப்பார்கள். கொடியில் தொங்குவதைப் பார்த்தால், அவர் கலக்கிய கலராக இருக்காது. நீலம் என்று வைத்தது செத்துப்போய்க் கிடக்கும். கத்தரிப்பூ என்று வைத்தது செம்மண் ஏறி நிற்கும். “நேத்து நான் கலக்குனது இது இல்லையே!” என்று கத்துவார். ஆனால் வியாபாரிகள் வந்து வாயாரப் புகழ்ந்து வாங்கிக்கொண்டு போவார்கள். தான் கலக்காத கலருக்குத் தனக்குப் பாராட்டு வருவதைப்போல ஓர் எரிச்சல் உலகத்தில் கிடையாது.

முதலில் பைண்டர்மேல் பழி போட்டார். பைண்டர் என்பது கலரைத் துணியில் பிடித்து நிறுத்துகிற பசை. அது புளித்துப்போய்க் கலரைத் தின்கிறது என்று தேனியில் கலர் டப்பா விற்கும் மதன்குமாரைப் போனில் பிடித்து ஏறினார்.

“பாய், அதே டப்பாவத்தான் போடிக்காரரும் வாங்குறாக, ஆண்டிபட்டிக்காரரும் வாங்குறாக. ராத்திரியில கலர் மாறுதுன்னு உங்களத் தவிர ஒருத்தரும் சொல்லல” என்றான் மதன்குமார்.

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

“நான் அப்படிச் சொல்லல பாய்.”

“பெறகு எப்படிச் சொன்ன?”

மதன்குமார் லைனைத் துண்டித்துவிட்டான். சிக்னல் போய்விட்டதாகப் பிறகு மெசேஜ் அனுப்பினான்.

யோசித்து யோசித்துக் கடைசியில் சம்சுதீன் கண்டுபிடித்துவிட்டார்: யாரோ வாளியில் கை வைக்கிறார்கள். உடனே மூலையில் கிடந்த இரும்பு பீரோவைத் துடைத்து, வாளிகளை அதற்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பு பெல்ட்டுக்குள் போட்டுக்கொண்டார். பூட்ட ஆரம்பித்துப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் கலர் மாறவே இல்லை. சாயந்தரம் வைத்தது அப்படியே, அச்சு அசலாக, காலையில் இருந்தது. அந்தப் பத்து நாளில்தான் பைகளும் திரும்பி வர ஆரம்பித்தன. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அவருக்கு நேரம் இல்லை. கோபப்படவே நேரம் போதவில்லை.

அன்றைக்கு ஸ்கிரீன் இழுக்கிற பெண்களை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. கலர் ஒத்துவந்தால்தானே இழுப்பதற்கு. பட்டறையில் அவரும் சானியாவும் மட்டும் இருந்தார்கள். ஆடிக்காற்று தகரக் கூரையைப் பிய்த்துவிடுவதுபோல அடித்துக்கொண்டிருந்தது. கொடியில் தொங்கிய பழைய பைகள் ஒன்றையொன்று அறைந்துகொண்டன. அவற்றைப் பார்த்தபோது ஒரு நொடி அவருக்கே கொஞ்சம் நீலமாகத்தான் தெரிந்தது. வெயிலின் கூத்து என்று நினைத்துக்கொண்டு, இடது கண்ணை மூடி முறையாகப் பார்த்தார். முறையாகப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது.

பீரோவைத் திறந்து, கெட்டித் தயிர் பதத்தில் இருந்த வெள்ளைப் பேஸ்டை எடுத்து வைத்தார். வயலெட்டை விட்டார். சிவப்பை விட்டார். ஓர் இழுப்பு இழுத்து, இஸ்திரி போட்டு, கண்ணை மூடிப் பார்த்தார். செங்கல் பொடிபோலத் தெரிந்தது. நீலம் விட்டார். இன்னும் செங்கல்தான். மறுபடியும் நீலம் விட்டார். எதிரில் சானியா ஸ்கிரீனைத் துடைத்துக்கொண்டே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

“என்ன?”

“ஒண்ணுமில்ல மாமா.”

இந்த ‘ஒண்ணுமில்ல’ இருக்கிறதே, இதைவிட நாலு அறை அறையலாம். அவர் வேண்டுமென்றே இன்னும் ஒரு கரண்டி நீலம் விட்டார்.

“மாமா, இதுக்கு மேல கலர் ஏத்துனா பைண்டர் தாங்காது. ஒரு தடவ துவைச்சாலே கலரு போயிரும்” என்றாள் சானியா.

“எனக்குப் பைண்டர் சொல்லிக் குடுக்க வந்துட்டியாக்கும்?”

“இல்ல மாமா, நூறு கிராம் பேஸ்டுக்கு எட்டு கிராம் கலருதான்...”

“எட்டும் கிடையாது, பத்தும் கிடையாது! நான் கேக்குறேன், பூட்டுறதுக்கு முன்னாடி மாறுன கலரு பூட்டுன பெறகு ஏன் மாறல? இங்கன உன்னையும் என்னையும் தவிர வாளியத் தொடுற ஆளு யாரு?” அவருக்கு மூச்சு வாங்கியது. சொல்லக்கூடாது என்று ஒரு வாரமாக வாய்க்குள் வைத்திருந்தது வெளியே வந்து விழுந்தது. “எம் பேரக் கெடுத்து, வாளியக் கையில வாங்கணும்னு நீதான் கலக்கிவிடுறியோ?”

சானியா துடைப்பதை நிறுத்தினாள். முகம் சிவந்துவிட்டது. அவள் இல்லை என்று சொல்வாள், அழுவாள், குறைந்தது ஹக்கீமுக்குப் போன் போடுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ ஸ்கிரீனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் குழாயடிக்குப் போய்விட்டாள். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. சம்சுதீனுக்குச் சொன்னது அதிகப்படி என்று உறைத்தது. உறைத்ததை ஒப்புக்கொள்ளும் நிலைமையில் அவர் இல்லை என்பதால் இன்னொரு சொட்டு நீலத்தை விட்டுக் கலக்கினார்.

நாலு மணிக்குச் சூரியபிரகாஷ் வந்தான். கையில் ஒரு கொத்து பன்னீர் திராட்சை. காலையில் பறித்தது, காம்பு இன்னும் பச்சையாக இருந்தது. அதை மேசையில் வைத்து, அன்றைக்கு மாதிரிக்கு அடித்திருந்த பையைப் பக்கத்தில் விரித்தான்.

“பாருங்க பாய்.”

சம்சுதீன் இடது கண்ணை மூடிப் பார்த்தார். பழத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார், திரும்பப் பழத்தைப் பார்த்தார்.

“ரெண்டும் ஒண்ணுதானப்பா?”

“பாய், வெளையாடாதீக.”

“நான் எதுக்கப்பா உங்கிட்ட வெளையாடுறேன்? பழத்துல நீ மருந்தா அடிச்சு வச்சிருக்க. நல்ல பழமா இருந்தா இன்னும் ஒத்துப்போகும்.”

“எந் தோட்டத்துப் பழத்தையா சொல்றீக?” சூரியபிரகாஷுக்கும் ஏறிவிட்டது. “தெருவுல போற யாரயாச்சும் கூப்பிடுங்க. இது திராட்சைக் கலர்னு ஒரே ஒருத்தர் சொல்லட்டும், நானூறு பையையும் இதே கலர்ல வாங்கிட்டுப் போறேன். சானியாக்கா, நீங்க சொல்லுங்க.”

குழாயடியிலிருந்து வந்து நின்ற சானியா தரையைப் பார்த்தாள்.

“அவளக் கேக்காத!” என்றார் சம்சுதீன். “நில்லு. உங் கண்ணு முன்னாடி புதுசாப் பேஸ்ட் போட்டுக் கலக்குறேன். அப்பவும் நீ நீலம்னு சொன்னன்னு வையி, துணிய எடுத்துட்டுப் போயிக்க. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்.”

பேஸ்ட் கெட்டிப்பட அதில் சில சொட்டு அமோனியா விட வேண்டும். அந்தக் கேனைத் திறந்தாலே மூக்கு எரியும். அவர் அதை ஜன்னலுக்கு நேராக வைத்துக்கொண்டு மூடியைத் திருகினார்.

“மாமா, காத்து உங்க பக்கம் அடிக்குது. ஜன்னலச் சாத்திட்டுத் திறங்க” என்றாள் சானியா.

அவள் சொன்ன ஒரே காரணத்துக்காக அவர் சாத்தவில்லை. வெயிலில் உப்பியிருந்த கேன் மூடி கழன்றதும் உள்ளே இருந்தது பொங்கிச் சீறியது. காற்று அதை அள்ளி அவர் முகத்தில் அடித்தது. வலது கண்ணில் நெருப்பு வைத்ததுபோல இருந்தது. “யா அல்லாஹ்!” என்று கண்ணைப் பொத்திக்கொண்டு மேசையில் மோதினார்.

அதற்குப் பிறகு பட்டறை சானியாவின் கைக்குப் போய்விட்டது. அவரைப் பிடரியோடு பிடித்துக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். “கண்ணத் தேய்க்காதீக மாமா! திறங்க, தண்ணி உள்ள போகட்டும், திறங்க!” என்று அதட்டினாள். இந்த மூன்று வருடத்தில் அவள் அவரிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. சூரியபிரகாஷ் மெடிக்கலுக்கு ஓடினான். சின்னமனூரில் இருந்த ஹக்கீமுக்கு அவள் ஒரு கையால் போன் போட்டு, உடனே வண்டியோடு வரச் சொன்னாள். மறு கை அவர் தலையைக் குழாய்க்கடியிலிருந்து எடுக்க விடவில்லை. கால் மணி நேரம் அப்படியே நின்றார். சட்டை, வேட்டி எல்லாம் நனைந்துவிட்டன.

எரிச்சல் கொஞ்சம் அடங்கியதும் ஈரத்துண்டால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, இடது கண்ணை மட்டும் திறந்தபடி உள்ளே வந்தார். மேசையில் திராட்சைக் கொத்து கிடந்தது. பக்கத்தில் பை.

பை நீலமாக இருந்தது.

அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. பேனா மையேதான். கறுஞ்சிவப்பாகச் சாம்பல் பூத்துக் கிடந்த நிஜப் பழத்துக்குப் பக்கத்தில் அது வேறு ஏதோ காயைப் போலக் கிடந்தது. சம்சுதீன் கிட்டே போய்க் குனிந்தார். பிறகு துண்டை எடுத்து, எரிகிற வலது கண்ணை மெல்லத் திறந்து, இடது கண்ணை மூடினார். நீர் வடிந்தது, மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனாலும் தெரிந்தது. பையும் பழமும் ஒன்றாகிவிட்டன. இரண்டின் மேலும் கடுந்தேநீரை ஊற்றியதுபோல ஒரே பழுப்பு. மறுபடியும் கண்ணை மாற்றினார், நீலம் வந்தது. மாற்றினார், போய்விட்டது. ஏழெட்டுத் தடவை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

அமோனியா பட்டதால் இப்படித் தெரிகிறது என்று நினைத்துக்கொள்ள அவருக்கு எவ்வளவோ ஆசையாக இருந்தது. ஆனால் அந்தப் பழுப்பு அவருக்குப் புதிதல்ல. மாதக்கணக்கில் அதற்குள் நின்றுகொண்டுதான் அவர் சரி என்றும் தப்பு என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். புரை விழுந்த கண்ணைப் பிறரிடம் பார்த்திருக்கிறார். எல்லாம் பால் மாதிரி வெள்ளையாகத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தார். இப்படிக் கலரைத் திருடும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அதுவும் ஒற்றைக் கண்ணில், அவர் நம்பிய அந்தக் கண்ணில்.

“சானியா. இந்தப் பை நீலமாவா இருக்கு?”

அவள் தரையில் சிந்தியிருந்ததைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“உன்னத்தான் கேக்குறேன்.”

“ஆமா மாமா.”

“இதுக்கு முந்தி நான் கலக்குனது?”

“அதுவும் அப்படித்தான் மாமா. நாலஞ்சு மாசமா.”

“பெறகு எப்படி ஒருத்தரும் திருப்பி அனுப்பல?”

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு எழுந்தாள். “நீங்க கேட்டது சரிதான் மாமா. வாளியத் தொட்டது நாந்தான். காலையில நீங்க வாரதுக்குள்ள, எது கொறையுதோ அதக் கொஞ்சம் போட்டுச் சரி பண்ணிருவேன். நீங்க பூட்டுன பெறகு முடியல.”

சம்சுதீனுக்கு முதலில் வந்தது வெட்கமில்லை, கோபம்தான். “எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?”

“சொன்னேன் மாமா. ரெண்டு தடவ சொன்னேன், நீலம் தூக்கலா இருக்குன்னு. ‘நீ பெறக்குறதுக்கு முன்னாடி நான் நீலம் பாத்தவன்’னு சொன்னீக.”

சொல்லியிருப்பார். சொல்லக்கூடிய ஆள்தான்.

“ஹக்கீமுகிட்டயாச்சும் சொல்லிருக்கலாம்ல?”

“அவுககிட்டச் சொன்னா அன்னைக்கே உங்கள வீட்டுல உக்கார வச்சிருப்பாக. வாளி இல்லாம நீங்க வீட்டுல என்ன மாமா பண்ணுவீக?”

அப்போதுதான் வெட்கம் வந்தது. வந்து உச்சி முதல் உள்ளங்கால்வரை நிறைத்தது. பேரைக் கெடுக்கிறாய் என்று மத்தியானம் இந்தப் பெண்ணைச் சொன்னார். நாலு மாதம் அவர் பேரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்ததே இந்தக் கைதான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். ஊரெல்லாம் திட்டுவதற்கு அத்தனை வார்த்தை வைத்திருந்தவருக்கு இதற்கு ஒன்றுகூட இல்லை.

“அந்தத் தராச எடு” என்றார் கடைசியில். “அவன் வந்து துணியத் தூக்குறதுக்குள்ள நீ கலக்கு.”

“மொதல்ல கண்ணு மாமா...”

“கண்ணு எங்கயும் போயிறாது, போனது போனதுதான். கலக்கு!”

சானியா தராசை மேசையில் வைத்தாள். பேஸ்டை எடை போட்டாள். சிவப்பை முதலில் விட்டாள், பிறகு வயலெட். நீலம், தொட்டும் தொடாமலும் ஒரு துளி. கறுப்பை ஊசி முனையில் எடுத்து விட்டாள். சம்சுதீன் வலது கண்ணைப் பொத்தியபடி பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பையை விரித்து, ஸ்கிரீனை வைத்து, ரப்பர்ப் பட்டையால் ஓர் இழுப்பு இழுத்தாள். இஸ்திரிப் பெட்டியை மேலே ஓட்டி, பையைத் திராட்சைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு பழத்தைக் கிள்ளிப் பையில் ஒட்டவைத்ததுபோல இருந்தது.

சூரியபிரகாஷ் சொட்டு மருந்தோடு உள்ளே வந்தான். பின்னாலேயே வண்டிச் சத்தம் கேட்டது, ஹக்கீமும் மூச்சிரைக்க வந்து நின்றான். “அத்தா, கண்ணு எப்படி இருக்கு? வாங்க, தேனி ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்று அவர் கையைப் பிடித்தான். சூரியபிரகாஷ் அதற்குள் மேசையைப் பார்த்துவிட்டான்.

“பாய்! இதான் பாய், இதான்!” பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். “கண்ணுல மருந்து பட்டும் கலக்கிட்டீகளே! பாருங்க ஹக்கீமண்ணே, இந்தக் கை மதுரையில எவனுக்கு இருக்கு? நான்தான் கிறுக்கன், உங்கள அந்தப் பேச்சுப் பேசிட்டேன். மன்னிச்சுக்கங்க பாய்.”

ஹக்கீம் பையை வாங்கிப் பார்த்தான். பழத்தைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு தவிப்பு தெரிந்தது, தேவையில்லாமல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டோமே என்கிற தவிப்பு.

“அத்தா கலக்குனதா?” என்று மனைவியிடம் கேட்டான்.

“ஆமா. மாமாதான் கலக்குனாக” என்றாள் சானியா. கண்ணிமைக்காமல் சொன்னாள்.

சம்சுதீன் பேசாமல் இருந்திருந்தால் போதும். கலர் சரி, ஆர்டர் சரி, பேர் சரி. இனிமேல் கண் தெரியவில்லை என்றாலும் பழியை அமோனியாமேல் போட்டுவிடலாம். கலர் வாளி சாகும்வரை அவர் கையில் இருக்கும். காலையில் இந்தப் பெண் கமுக்கமாக வந்து சரிசெய்துவிட்டுப் போவாள். எல்லாரும் அவருக்காக இவ்வளவு அழகாக ஏற்பாடு செய்து கொடுத்திருந்தார்கள். அதை நினைக்க நினைக்கத்தான் அவருக்குத் தாங்கவில்லை.

“ஏன் இப்படி ஆளாளுக்குப் பொய் சொல்றீக?” என்று கத்தினார்.

“பாய், பெரிய மனுசன் நீங்க, தன்னடக்கமா...” என்று சூரியபிரகாஷ் ஆரம்பித்தான்.

“தன்னடக்கமாவது மண்ணாங்கட்டியாவது! எனக்குக் கண்ணு தெரியலடா! வெளங்குதா? மருந்து இன்னைக்குத்தான் பட்டுச்சு, கண்ணு போயி நாலஞ்சு மாசம் ஆச்சு. இது அவ கலக்குன கலரு. இந்த நாலஞ்சு மாசம் ஊர்ல ஆளாளுக்கு என்னயப் புகழ்ந்தீகளே, அதுவும் அவ கலக்குனதுதான். நீ திருப்பிக் குடுத்த பாரு நூறு பை, அது மட்டுந்தான் என்னுது!”

கத்தி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதிலேயே விழுந்தது. சூரியபிரகாஷ் பையை மெதுவாக மேசையில் வைத்தான். ஹக்கீம் மனைவியைப் பார்த்தான், அவள் அவனைப் பார்க்கவில்லை. சொட்டு மருந்தின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“மாமா, உக்காருங்க. மருந்து விடணும்” என்றாள்.

உட்கார அங்கே நாற்காலி கிடையாது. பட்டறையில் அவர் நாற்காலி போட விட்டதில்லை. ஹக்கீம் திரும்பி வந்த பைமூட்டையை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டான். சம்சுதீன் அதன்மேல் உட்கார்ந்தார்.